மறுபடியும் லோடு பண்ணுங்க

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நீ போனை மட்டும் வெச்சிடாதே."

காலையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்காத மனைவி, இந்த முறை முதல் மணியிலேயே எடுத்திருந்தாள். அவன் அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தின் உச்சி மாடியில், லிஃப்ட் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். அவள் லிஃப்ட் கம்பெனியில் புரோகிராமர். இந்த லிஃப்டை ஓட்டும் ஸ்கிரிப்டே அவள் எழுதியதுதான்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"கதவு சீக்கிரம் மூடிக்குதுன்னு எல்லாரும் குறை சொன்னாங்க. கதவு ஃபைல்ல நேரத்தைக் கொஞ்சம் கூட்டி லோடு பண்ணினேன். இப்ப ரன் பண்ணினா நாற்பதாவது வரியில தப்புன்னு வருது."

"ஏதாவது பேரைத் தப்பா அடிச்சிருப்பீங்க. பாருங்க."

பார்த்தான். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சேர்த்தான், சேவ் செய்தான், ரன் கொடுத்தான். அதே வரி, அதே தப்பு.

"உள்ளே யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க. மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, இப்ப சத்தத்தையே காணோம். மயங்கிட்டாங்களோ?"

"அதெல்லாம் மயங்க மாட்டாங்க. பதறாதீங்க. திருத்தினதை மறுபடியும் லோடு பண்ணீங்களா?"

"சேவ் பண்ணினேனே."

"சேவ் பண்ணா ஃபைல்தான் மாறும். அதைப் படிச்சு ஓட்டுற இண்டர்ப்ரெட்டர் முன்னாடி லோடு பண்ணின பழசையேதான் பிடிச்சுக்கிட்டு நிக்கும், உங்கள மாதிரி."

கல்யாணமான புதிதில் நடந்த எதையோ காலையில் கிளறியது அவன்தான். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தையாகி, அவள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா?" என்றான் மெதுவாக.

"இல்ல. பாதி வழியில நிக்கிறேன்."

"பஸ் வரலையா?"

"இப்ப அதா முக்கியம்? இண்டர்ப்ரெட்டரை மூடிட்டுப் புதுசாத் திறங்க. முதல்ல கதவு ஃபைலை லோடு பண்ணுங்க, அப்புறம் மோட்டார் ஃபைல். ரெண்டும் ஏறினப்புறம்தான் ரன்."

அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. ஆனால் அதில் துளி நடுக்கம் இல்லை. கேட்கக் கேட்க அவன் விரல்களும் நிதானத்துக்கு வந்தன.

"ரெண்டும் ஏறிடுச்சு. ரன் கொடுக்கவா? லிஃப்ட் கீழே விழுந்துடாதுல்ல?"

"விழாது. நான் எழுதினது. கொடுங்க."

கொடுத்தான். திரையில் ஒரு தப்பும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது.

"அசையுது. மேலே வருது." அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? காலையில பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. சாயங்காலம் நானே அங்க வந்து உன்னைக் கூட்டிக்கிட்டு வரேன்."

"அவ்வளவு தூரம் வேண்டாம். அறைக்கு வெளியே வந்தாப் போதும்."

புரியாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். எதிரே லிஃப்ட் திறந்தது. காதில் போனும் கையில் பையுமாக வெளியே வந்தாள் அவன் மனைவி.

"சமாதானமாப் போகலாம்னுதான் உங்களைத் தேடி வந்தேன்," என்றாள் அவள். "நடு வழியில நிறுத்திட்டீங்களே."