ஒன்பது மணி நேர வெளிச்சம்

"வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள நிறமெல்லாம் வெளுத்துச் சுருண்டு கிடக்கு. நல்லதாப் பார்த்துக் குடுத்தேன்னு வாய் கூசாம எப்படிச் சொல்றே?"

முகர்ரம் போட்ட சத்தத்தில் தாஷ்கண்டின் அந்தத் தெருவே ஜன்னலைத் திறந்திருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டவன் மீன்தொட்டிக் கடை ரவில்.

தாஷ்கண்டில் கடல் ஏது? இல்லை என்பதால்தான் பெருமை. எதிர்வீட்டு ஸபோஹத் விருந்தினர் அறையில் வெறும் தங்கமீன் வைத்திருக்கிறாள். அவள் வாயடைக்க வேண்டும் என்று, மகன் பஹ்ரோம் கல்யாணத்துக்கு முகர்ரம் உப்புத்தண்ணீர்த் தொட்டியும் அதில் உயிருள்ள பவளமும் வைத்தாள். கல்யாணமும் ஆயிற்று. புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டம் தொட்டியையும் பார்த்துவிட்டுப் போயிற்று. இப்போது பவளம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி நிற்கிறது.

"நான் குடுத்த பவளத்துல குறை இல்லை, ஓபா" என்று அக்கா முறை வைத்தே சொன்னான் ரவில். "இவ்வளவு சின்னத் தொட்டிக்குச் சின்ன விளக்கு போதும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீங்கதான் பெரிசு வேணும்னீங்க."

"சின்ன விளக்கை மாட்டினா வர்றவங்க என்னன்னு நினைப்பாங்க?"

"பவளம் என்ன நினைக்கும்னு யோசிச்சீங்களா?"

முகர்ரம் தேநீர் கொண்டுவரச் சொன்னாள்.

புது மருமகள் மோஹிரா ரவிலின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். கால் கிண்ணம்தான். இங்கே மரியாதை கூடக்கூடத் தேநீர் குறையும். நாலு மடக்கில் காலியாகிவிடும். ஊற்றுகிறவள் உட்காரவே வேண்டாம். அவள் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து நிமிர்ந்து, மறுபடி கூஜாவோடு நின்றாள்.

"விளக்கை எத்தனை மணிக்குப் போடறீங்க?" என்றான் ரவில்.

முகர்ரத்துக்குத் தெரியாது. மருமகளைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கு" என்றாள் மோஹிரா. "முற்றம் பெருக்க எழுந்ததும் போட்டுடுவேன்."

"அணைக்கறது?"

"கடைசி விருந்தாளி போய், பாத்திரமெல்லாம் கழுவினப்புறம். பதினொண்ணு ஆயிடும்."

ரவில் தலையில் அடித்துக்கொண்டான். "பதினெட்டு மணி நேரமா! என்ன ஓபா, மனசாட்சி வேண்டாமா? இது தாய்ப்பவளத்துலேருந்து வெட்டியெடுத்த துண்டு. வேற தண்ணி, வேற வெளிச்சம். வந்த அன்னிக்கே உச்சி வெயில்ல நிறுத்தினா எப்படித் தாங்கும்?"

"தாயை விட்டு வந்ததா!" முகர்ரத்தின் கை நெஞ்சுக்குப் போயிற்று. துருக்கித் தொலைக்காட்சித் தொடரில் யாராவது ரயிலேறினாலே இரண்டு கைக்குட்டை நனைக்கிறவள்.

"ஆமா. முதல் வாரம் கால்வாசி வெளிச்சம்தான். கண்ணை உறுத்தாத நீலம். பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அப்பவும் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான். அதுக்கு இருட்டு வேணும். இருட்டுலதான் உடம்பு தேறும். கூட்டமா நின்னு உத்துப் பார்க்கறது, தட்டறது, தொடறது எல்லாத்தையும் நிறுத்துங்க."

"ஐயோ, வாயில்லாப் பிராணி!" முகர்ரம் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புது இடம், புது ஆளுங்க. எப்படி மிரண்டிருக்கும்! எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு?"

"நீலம் எத்தனை சதவீதம் வைக்கணும், ரவில் அண்ணா?" பஹ்ரோம் கைபேசியில் குறித்துக்கொண்டான். கல்யாணமான பன்னிரண்டு நாளில் அவன் இவ்வளவு அக்கறையாக எதையும் விசாரித்ததில்லை. "ஒயி, இனிமே விருந்தாளிங்களை இந்த அறைக்குள்ள விடாதீங்க" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னான்.

"விடுவேனா? எனக்கு இதயம் இல்லையா?"

ரவில் பெரிய விளக்கைக் கழற்றிச் சின்னதை மாட்டினான். தானாக எரிந்து தானாக அணைகிற கடிகாரம் ஒன்றும் வைத்தான். காலை பதினொன்று முதல் இரவு எட்டு வரை. அதை முகர்ரம்தான் திருகினாள், குழந்தைக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி.

"எட்டு மணிக்கு மேல இந்தப் பக்கம் யாரும் நடமாடக் கூடாது. அது தூங்கணும்" என்று அறிவித்தாள். அதே மூச்சில் மருமகள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உன்னைப் பார்க்க இருபது பேர் வர்றாங்க. அவங்களைக் கூடத்துல உட்கார வை. மாவை இன்னிக்கு ராத்திரியே பிசைஞ்சுடு. அப்புறம், கன்னத்துக்கு ஏதாவது பூசிக்கோ. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்கறே, வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

மங்கலான நீலத்தில் பவளத்தின் ஓர் ஓரம் லேசாக விரிந்தது. "அசையுது!" என்றான் பஹ்ரோம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிமேல் குனிந்தார்கள்.

பின்னாலிருந்து மோஹிரா என்னவோ கேட்டாள். யாரும் திரும்பவில்லை. கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாகக் கொஞ்சம் சத்தமாக, மாமியாரிடம் மறுபடி கேட்டாள்:

"ஒயிஜான், இந்த விளக்கு அணையறப்போ, நானும் போய்ப் படுத்துக்கட்டுமா?"