மஞ்சள் துணி

கல்வராயன் மலையடிவார ஏரியில் காட்டு வாத்துகள் வந்து இறங்கின. செவ்வந்தியின் கோழிகளும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். கோழிகளுக்கு நோய் கண்டு சில செத்தன. கால்நடைத் துறை ஆட்கள் மிச்சத்தையும் கொன்று புதைக்க வந்தார்கள்.

“அந்தச் சேவல மட்டும் வுட்டுடுங்க சார். பாப்பா காய்ச்சலுக்காக முனியப்பனுக்கு நேந்து வுட்டது” என்றாள் செவ்வந்தி.

“எதையும் வுடக் கூடாதும்மா.”

மகளின் பாவாடையில் கிழித்துக் காலில் கட்டிய மஞ்சள் துணியோடு சேவல் குழிக்குள் போனது. கொஞ்ச நாளில் மகளும் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு சாயங்காலம் செவ்வந்தி பழக்கத்தில் கோழிக்கூடையைத் தூக்கிப் பிடித்து, “பா, பா” என்றாள்.

“யார கூப்டுக்கினு கீற? ஒண்ணுகூட இல்லியே” என்றான் கணவன்.

ஏரிப் பக்கமிருந்து ஒரு காட்டு வாத்து நடந்து வந்தது. காலில் மஞ்சள் துணி இருந்தது. முடிச்சு செவ்வந்தி போட்டதுதான். வாத்து கூடையைத் தாண்டி வீட்டுக்குள் போய், மகள் படுத்திருந்த மூலையில் உட்கார்ந்தது.