ட்யூலிப்புக்குப் போட்ட பசளை

"கறுப்பு நிறத்திலை இப்பிடியொரு வடிவோ!"

லண்டன் ஹரோவிலிருந்து சிவமலரைப் பார்க்க வந்த மரியமலர் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் முன்தோட்டத்திலேயே நின்றுவிட்டாள்.

தெரு முழுக்க மஞ்சளும் சிவப்புமாய் ட்யூலிப் பூத்திருந்தது. சிவமலர் வீட்டு வாசலில் மட்டும் கறுப்பு. வெயில் பட்ட இதழோரத்தில் கொஞ்சம் ஊதா.

"பூவுக்குக் கறுப்பு வடிவுதான். பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் கூடாது" என்றாள் சிவமலர்.

சொல்லிவிட்டு மருமகள் தக்ஷிகாவின் வயிற்றைப் பார்த்தாள். பெண் குழந்தை என்று ஸ்கானில் தெரிந்திருந்தது.

தக்ஷிகா பூவாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அவள் பேசாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். கலியாணப் படத்தில் அவள் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கும்படி மாமி படக்காரரிடம் சொன்னபோதும் அவள் பேசவில்லை. மா அப்பியது போன்ற அந்த முகம் இப்போதும் ஹோலில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தாள். குங்குமப்பூவால் பிள்ளையின் நிறம் மாறாது, அது மரபணுவில் இருக்கிறது என்றாள்.

படித்த திமிர் என்றாள் மாமி. கணவன் அபிஷன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மறுநாளே அவள் கையில் ஒரு கப் பால் வந்தது. அதில் சிவப்பு நார்கள் மிதந்தன.

அன்றுதான் தோட்ட வேலையைத் தானே கேட்டு வாங்கினாள்.

அணில் கிண்டாமல் கிழங்குகளுக்கு மேல் கம்பிவலை போட்டாள். களை பிடுங்கினாள். உறைபனியிலும் விடியக் காலையில், மாமி சாமியறைக்குள் போன கையோடு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பூவென்றால் விசர் என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள்.

ட்யூலிப் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். தன் நாள் வரும்போதுதான் தலையை நீட்டும். அது தக்ஷிகாவுக்குப் பிடித்திருந்தது.

"மருமகளுக்குப் பால் குடுக்கிறனியளோ, அக்கா?" மரியமலர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"விடிய எழும்பி நானே காய்ச்சிக் குடுக்கிறனான். ஒரு நாளும் விடேல்லை."

மரியமலர் குனிந்து ஒரு பூவை இரண்டு விரல்களால் ஏந்தினாள்.

"எங்கடை வீட்டிலையும் இதே கிழங்குதான். இப்பிடிக் கறுக்கேல்லையே! என்ன பசளை போட்டனீ, பிள்ளை?"

"சொல்லன்" என்றாள் சிவமலர், முகமெல்லாம் பெருமையாக.

தக்ஷிகா பூவாளியைக் கீழே வைத்தாள்.

"மாமி தாற குங்குமப்பூப் பால்தான், அன்ரி. ஒரு நாளும் விடேல்லை."