பஞ்சநதம் தேடிய அரம்

"இதுவும் சரிப்படாது பாய்."

பஞ்சநதம் அரத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

இப்ராஹிமுக்கு எரிச்சல் வந்தது. திருவையாறு கடைத்தெருவில் தூண்டில், நரம்பு, தக்கை என்று எது வேண்டுமானாலும் அவர் கடைக்குத்தான் வருவார்கள். ஆனால் தூண்டில் முள்ளைத் தீட்ட ஒரு அரம் எடுக்க, கடையையே இப்படிப் புரட்டிப் போட்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

"அண்ணே, இது டைமண்ட் அரம். லேசா இழுத்தாலே முள்ளு ஊசி மாதிரி ஆயிடும்."

"அதெல்லாம் சரி. ராவுற மாதிரியே தெரியலையே. ராவினா பக்கத்துல இருக்கிறவனுக்குக் கேக்க வேணாமா?"

"அப்ப சாணைக்கல் எடுத்துக்குங்க."

"கல்லுன்னா அடிக்கடி தண்ணி தொட்டுத் தேய்க்கணுமே."

"ஆத்தங்கரைல உக்காந்துக்கிட்டு தண்ணிக்கு எங்க போறதுன்னு கேக்குறீங்களா?"

பஞ்சநதம் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, அடுத்த அலமாரியை எட்டிப் பார்த்தார்.

இப்ராஹிமின் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது.

பஞ்சநதமும் தமிழரசனும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குடமுருட்டிக் கரையில் இருவருக்கும் தூண்டில் போட்டி. பெரும்பாலும் தமிழரசன்தான் ஜெயிப்பார். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது இடது கையால்தான் தூண்டில் பிடிக்கிறார். மீன் கடித்ததும் சுண்டி இழுப்பதற்குள் அது ஓடிவிடுகிறது.

பஞ்சநதம் விடவில்லை. வாராவாரம் ஜெயித்தார். ஜெயித்தால் பேசாமல் வீட்டுக்குப் போகிற ஆளா? மீன் கோர்த்த ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க, "தமிழு இன்னிக்கும் வெறுங்கை!" என்று சொல்லிக்கொண்டே போவார்.

'கை விழுந்த மனுஷனை ஜெயிக்க இவருக்குக் கூரான முள்ளு வேற வேணுமா?' இப்ராஹிமுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே ஒரு குறும்பும் தோன்றியது.

குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த ஒரு முரட்டு அரத்தை எடுத்தார். மரம் ராவுகிற அரம். தூண்டில் முள்ளை அதில் தேய்த்தால் கூர் மழுங்கி, முனை மொட்டையாகிவிடும்.

"இது ஸ்பெஷல் சரக்குண்ணே. எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறதில்லை."

பஞ்சநதம் சட்டைப் பையிலிருந்து ஒரு முள்ளை எடுத்து அதில் தேய்த்தார். பக்கத்து டீக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அப்படியொரு சத்தம்.

பிறகு பஞ்சநதம் முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தார். கூராக இருந்தால் நகத்தில் மாட்டும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று.

'போச்சு, கண்டுபிடிச்சிட்டார்' என்று இப்ராஹிம் பதறினார்.

பஞ்சநதத்தின் முகமோ மலர்ந்தது.

"இதான் பாய்! இதைத்தான் தேடினேன்!"

அவர் தலை மறைந்ததும் இப்ராஹிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷம் மீன் பிடித்தும் முள் பார்க்கத் தெரியவில்லையே!

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை மகளிடம் விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்கே போனார்.

பஞ்சநதம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளைக் கிறீச் கிறீச்சென்று ராவிக்கொண்டிருந்தார்.

"புது அரம்டா தமிழு. இன்னிக்கு ஆத்துல ஒரு மீன் மிச்சம் இருக்காது!"

"வாயை மூடிக்கிட்டு தூண்டிலைப் போடுடா" என்றார் தமிழரசன்.

போட்டார்கள். பஞ்சநதத்தின் தக்கை உள்ளே போகும். அவர் இழுப்பார். வெறும் முள் வரும். திரும்பப் போடுவார். திரும்பவும் வெறும் முள்.

தமிழரசனின் தக்கை திடீரென்று முங்கியது. இடது கையால் வெட்டி இழுத்தார். கோல் வில்லாக வளைந்தது. வலது கை தானாக எழுந்து வந்து நடுங்கிக்கொண்டே கோலைத் தாங்கியது. கரையில் வந்து விழுந்தது ஒரு பெரிய விரால்.

"டேய் பஞ்சு! அந்தப் புது அரத்தை ஆத்துல தூக்கிப் போடுடா!"

தமிழரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இப்ராஹிமுக்கு மனசு குளிர்ந்தது. தர்மத்தைத் தானே நிலைநாட்டிய மாதிரி ஒரு பெருமிதம்.

அப்போது பஞ்சநதம் எழுந்து நேராக அவரை நோக்கி வந்தார். சண்டைதான் என்று இப்ராஹிம் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

பஞ்சநதம் அவர் கையைப் பிடித்துப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"பாய், போன மாசம் இவனுக்கு விட்டுக் குடுக்கலாம்னு புழு கோக்காம தூண்டிலைப் போட்டேன். கண்டுபிடிச்சிட்டான். 'எனக்குப் பிச்சை போடுறியா'ன்னு கோலை வீசிட்டுப் போனவன், அப்புறம் அந்த வாரம் முழுக்க வீட்டை விட்டே வரலை. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். நான் கத்துறதை நிறுத்தினாலும் சந்தேகப்படுவான், முள்ளைத் தீட்டாம விட்டாலும் சந்தேகப்படுவான்."



பஞ்சநதம் இப்ராஹிமின் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தீட்டத் தீட்ட மழுங்குற அரம் ஒண்ணு குடுங்கன்னு கடையில வாய்விட்டுக் கேக்க முடியுமா? நான் கேக்காமலே, என் மனசு தெரிஞ்சு எடுத்துக் குடுத்தீங்களே... உங்களுக்கு இருக்கிற நல்ல மனசு யாருக்கு பாய் வரும்!"