ரெண்டு நாளில் சொல்கிறேன்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் வருகிறது. கேட்டதற்குப் பதில் மட்டும் வருவதில்லை. பெரியவருக்கு அதுதான் எரிச்சல். எதிரே கழுத்துப்பட்டியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த டைக்காரன் அரை மணி நேரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கே?"

"ஒன்றரை வருஷம் ஐயா."

"அதுக்கு முன்னாடி?"

"கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்தேன்."

"விட்டியா, விரட்டினாங்களா?"

"அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு. நானா விட்டுட்டு வந்துட்டேன்."

"அப்பனைச் சொல்லித் தப்பிக்கிறவன் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!" பெரியவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "கூட வேலை செய்யறவங்களோட தகராறு உண்டா?"

"ஒருத்தரோட மட்டும்... வெறும் வாய்ச்சண்டைதான். அவரும் போயிட்டார்."

"அவரா போனாரா, நீ போக வச்சியா?"

டைக்காரன் ஒரு ஃபைலை மேசைமேல் தள்ளினான். "எல்லா சர்டிஃபிகேட்டும் இதுல இருக்குங்க. போன மாசம்தான் புதுசா வாங்கினது."

பெரியவர் அதைத் தொடவில்லை. எழுத்துக்கும் அவருக்கும் நாலாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. அதை இவனிடம் எதற்குக் காட்டிக்கொள்ள வேண்டும்? "காகிதத்தை எவன் வேணும்னாலும் அச்சடிப்பான். கையைக் காட்டு."

நீட்டினான். உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை, ஒரு சூட்டுத் தழும்பு இல்லை.

"பேனாவைத் தவிர வேற எதையாவது தொட்டதுண்டா?"

"காபி சொல்லட்டுங்களா ஐயா?"

"காபியை ஊத்திக் காரியத்தை முடிக்கப் பாக்கிறியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. காலையில எத்தனை மணிக்கு வருவே?"

"பத்து... பத்தேகாலுக்குள்ள வந்துடுவேன்."

"பத்தேகாலா! அதுக்குள்ள பாய்லர் பாதி நாள் வேலையை முடிச்சிருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே சலவை ஆலையின் பாய்லர் கொட்டகை தெரிந்தது. ஓட்ட ஆளில்லாமல் பத்து நாளாக அணைந்து கிடந்தது. வாசலில் ஆஸ்பத்திரிப் போர்வைகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து நாறிக்கொண்டிருந்தன.

"சரி, பாய்லர் ஓடிட்டிருக்கு. கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டமே தெரியல. என்ன செய்வே?"

"உடனே தண்ணியைத் திறந்து விடுவேன்."

பெரியவர் மேசையில் ஓங்கி அறைந்தார். "விட்டேன்னா கூரையோட சேர்ந்து நீயும் பறப்பே! காய்ஞ்சு சிவந்து கிடக்கிற இரும்புல பச்சைத்தண்ணி பட்டா என்ன ஆகும்? முதல்ல நெருப்பை நிறுத்தணும்!"

முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். முன்பு ஓரிடத்தில் ஒரு மேதாவி அவசரப்பட்டதில் அவருக்கு மிஞ்சிய பரிசு அது.

"ஐயா, உங்களுக்கு இப்ப வயசு..."

"என் வயசு உனக்கெதுக்கு? கேள்வி கேக்கிறது நானா, நீயா?"

டைக்காரன் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரக்கு அவசரம்னு வச்சுக்க. பிரஷர் ஏறினா வால்வு தானா திறந்து ஆவியை விட்டுடுது. வேலை கெடுது. வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிடலாம்னு தோணுமா, தோணாதா?"

"சத்தியமா தோணாதுங்க."

"சத்தியம் பண்றவன்தான் முதல் ஆளா கம்பியைத் தேடுவான். வேற ஏதாவது பழுதுன்னா?"

டைக்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "உண்மையைச் சொல்லிடறேன் ஐயா. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கூப்பிடுவேன். நானாக் கை வைக்க மாட்டேன்."

அரை மணி நேரத்தில் வந்த முதல் உருப்படியான பதில். பெரியவர் அதை முகத்தில் காட்டவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்கிக்கொள்வார்கள்.

"இதுவரைக்கும் நாலு பேரைப் பார்த்தாச்சுங்க." டைக்காரனின் குரல் இறங்கிவிட்டது. "எல்லாருமே 'சொல்லி அனுப்பறோம்'னாங்க. ஒருத்தரும் கூப்பிடல. நீங்களும் கைவிட்டுட்டா வீட்டுக்குப் போய் அப்பா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னே தெரியல. கொஞ்சம் மனசு வைங்க ஐயா."

"அழுத பிள்ளை பால் குடிக்கும்னு எவனோ சொல்லி வச்சிட்டுப் போயிட்டான். நான் உங்கம்மா இல்ல."

பெரியவர் எழுந்தார். டைக்காரனும் பதறி எழுந்தான்.

"ரெண்டு நாள்ல சொல்றேன்."

"கண்டிப்பா போன் பண்ணுவீங்கதானே ஐயா?"

"பண்ணினா பண்ணுவேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கினார்.

கேட்டுக்கு வெளியே அவர் மகள் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திக் காத்திருந்தாள். "எவ்வளவு நேரம்ப்பா! என்ன ஆச்சு?"

அவள் வண்டி ஓட்டும் லட்சணத்திலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நிற்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தபடியே சொன்னார்:

"வேலைக்கு வாங்கன்னு கெஞ்சறான். முதலாளியா இன்னும் தேறல!"