பக்கம் சாய்ந்த செயற்கைக்கோள்

விண்நிலைய விபத்தில் யாரும் பிழைக்கவில்லை என்று நிறுவனம் அறிவித்திருந்தது. இறந்தவர்கள் பட்டியலில் முத்தரசியின் அண்ணன் சுடலைமணியும் இருந்தான்.

ஆனால் அவள் கண்காணித்துவந்த செயற்கைக்கோள், அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் பக்கம் சற்றே இழுபட்டது.

"அங்க செயற்கை ஈர்ப்பு இன்னும் ஓடுது சார்."

"மெஷின் அணையாம கிடக்கும், விடும்மா," என்றார் மேலாளர் ஜெபராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தூங்குற நேரத்துல குறையுது, விடிஞ்சா கூடுது. மெஷின் தூங்குமா சார்?"

அவர் யாருக்கோ போன் செய்தபடி அவசரமாக வெளியே போனார். அவள் செயற்கைக்கோளின் கேமராவை நிலையத்தின் பக்கம் திருப்பினாள். ஜன்னலுக்குள் கொடியில் ஒரு சட்டை நேராகக் கீழ்நோக்கித் தொங்கியது.

உடனே ஊருக்குப் பேசினாள்.

"மதினி, நாளைக்கு அண்ணனுக்குத் திதி குடுக்க வேண்டாம். அங்க யாரோ துணி காயப்போட்டிருக்காவ."