ரீம் எடுத்த தீர்மானம்

சுஹைரா ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

மற்ற மூன்று பேரும் இரண்டு விரல் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உமக்கு அஞ்சுக்குக் குறைய எண்ணத் தெரியாதோ?" சஞ்சீவன் கேட்டான்.

றொமேஷ் சிரித்தான். நதீஷா குனிந்துகொண்டாள்.

"எனக்கு அஞ்சு நாள் வேணும்," என்றாள் சுஹைரா.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் கம்பனி அது. வெளிநாட்டு விடுதிகளுக்கு அறை பதிவு செய்யும் செயலி எழுதுகிறார்கள். ஒரு வேலையைத் தொடங்குமுன் அதற்கு எத்தனை நாள் செல்லும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்டவேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் கூட்டிக் குறைக்கக் கூடாது என்பதற்காக அந்த முறை.

காலையில் நின்றபடியே கூட்டம். நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள்? சுஹைராவிடம் அநேகமாக ஒரே பதில்தான்.

"நேற்று எடுத்தது இன்னும் முடியேல்லை."

சுவரில் பெரிய பலகை. மற்றவர்கள் எழுதி முடித்ததைச் சோதித்துப் பிழை பிடிப்பவள் நதீஷா. பிழை வந்தால், செய்தவரின் பெயருக்குக் கீழே சிவப்பு அட்டை விழும். சஞ்சீவனுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுஹைராவுக்குக் கீழே இடமே இல்லை.

மனேஜர் பிரகலாதன் அன்று கூட்டத்தை மெல்லத் தொடங்கினார்.

"வாடிக்கையாளர் செலவைக் குறைக்கிறாங்கள். அடுத்த சுற்று வேலையிலயிருந்து மூண்டு பேர்தான். நான் முடிவெடுக்கலாம். ஆனா இஞ்ச முதலாளி தொழிலாளி எண்ட கதை இல்லைத்தானே. நாங்கள் ஒரு ரீம், ஒரே அணி. ஆரை நிப்பாட்டுறதெண்டு வெள்ளிக்கிழமை நீங்களே தீர்மானியுங்கோ."

மனேஜர் முடிவெடுத்தால் அது அநியாயம். ரீம் முடிவெடுத்தால் அது முறை.

சஞ்சீவன் கட்டார் நாட்டில் தனியே உழைத்துக் கிடந்துவிட்டு வந்தவன். இந்த வேலை போனால் திரும்பவும் அங்கேதான். மகள் இப்போதுதான் அவனை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

அடுத்த நாள் றொமேஷையும் நதீஷாவையும் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நான் ஆளைச் சொல்லேல்லை, வேகத்தைச் சொல்லுறன். அவவால எங்கட எல்லாற்ற வேகமும் குறையுது. பலகையைப் பாத்தாலே விளங்கும்."

"பாவமடா அது," என்றான் றொமேஷ். "வாப்பாவும் இல்லை."

"பாவம் பாத்தா நாளைக்கு நீதான் வீட்டில இருப்பாய்."

றொமேஷ் கோப்பையைக் கீழே வைத்தான். நதீஷா சீனி போடாத தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை. நாலு பேரும் வட்டமாக நின்றார்கள்.

"வேலைக்குக் காட்டுற மாதிரித்தான்," என்றார் பிரகலாதன். "நான் மூண்டு எண்ணுவன். ஆரை எண்டு விரலைக் காட்டுங்கோ."

"ஆளையும் விரலாலயோ காட்டுறது, சேர்?" சுஹைரா கேட்டாள்.

"மனசில ஒண்டும் வைக்காமல் நேராச் சொல்லுறதுதான் எங்கட பண்பாடு, சுஹைரா. ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

மூன்று விரல்கள் சுஹைராவை நோக்கி நீண்டன. அவளுடைய விரல் மட்டும் பிரகலாதனைக் காட்டியது.

பிரகலாதன் சிரித்தார். "நான் ரீமுக்குள்ள இல்லையே!"

"ஓம் சேர். அதைத்தான் காட்டினனான்."

பிரகலாதன் தொண்டையைச் செருமினார். "சரி, இது ரீம் எடுத்த தீர்மானம்."

பின்னேரம் அவரே கேக் வாங்கிவந்து வெட்டினார். சுஹைரா ஒரு துண்டைக் கையில் வாங்கி, அப்படியே மேசையில் வைத்தாள். தன் கோப்பையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கேற்றடியில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது. அதைக் கலைக்காமல் ஓரமாக விலகிப் போனாள். சஞ்சீவன் மேலேயிருந்து பார்த்தான். பெருமூச்சு விட்டான். தப்பிவிட்டான் அல்லவா?

புதிய சுற்றுத் தொடங்கியது. எல்லா வேலைக்கும் எல்லோரும் இரண்டு விரல். பிரகலாதனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

அந்தக் கிழமை முடியுமுன்னே சஞ்சீவனின் பெயருக்குக் கீழே ஒரு சிவப்பு அட்டை விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

"சஞ்சீவன், என்ன இது?" பிரகலாதன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அடுத்த மாதம் இன்னும் ஒராளைக் குறைக்கச் சொல்லுறாங்கள். பாத்துச் செய்யுங்கோ."

சஞ்சீவன் நேரே நதீஷாவிடம் போனான்.

"என்னில என்ன கோவம் உமக்கு? தேடித்தேடிப் பிடிக்கிறீரோ?"

"தேடத் தேவையில்லை, அண்ணா. நீங்கள் எழுதினது ஒரே அறையை ரெண்டு பேருக்குக் குடுக்குது."

"இவ்வளவு காலமும் என்ர வேலையில ஒரு பிழை வந்ததோ?"

நதீஷா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த நாளும் வந்தது. சுஹைரா அக்கா தன்ர பேரில போடச் சொன்னவ. உங்கடதைத் திருத்திப்போட்டுத்தான் தன்ர வேலையில கை வைப்பா. அதுக்குத்தான் எல்லாத்துக்கும் அஞ்சு நாள் கேட்டவ."

சஞ்சீவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன்... ஏன் அப்பிடி?"

"கட்டாருக்கு ஒருக்காப் போய் வந்த மனுசன், திரும்ப அனுப்பக் கூடாது எண்டவ. உங்களுக்குச் சொல்லவேண்டாம், வெக்கப்படுவார் எண்டும் சொன்னவ."

வெளியே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று நீளமாகக் கூவியது. சஞ்சீவன் அவள் மேசையருகே குனிந்தான்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு, நீர் ஏன் அவவைக் காட்டினீர்?"

நதீஷா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவவைக் காட்டாட்டி, நீங்கள் என்னைக் காட்டியிருப்பீங்கள், அண்ணா."